புனித பேதுரு பேராலயம்: அரை நாள் ஒதுக்கி நிதானமாகப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ரோமுக்குச் சுற்றுலா போய்வந்தவர்களைக் கேட்டால் "வத்திக்கான் பார்த்தாச்சு" என்பார்கள். பேராலயத்துக்குள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி. வாசலில் ஒரு படம், பியெத்தா சிலை முன்னால் ஒரு படம், குவிமாடத்தை அண்ணாந்து ஒரு படம், அதற்குள் வேன் கொலோசியத்துக்குக் கிளம்பிவிடும். 1506இல் அடிக்கல் நாட்டி 1626இல் அபிஷேகம் செய்த கோயில் அது. 120 ஆண்டு வேலையை முக்கால் மணியில் பார்த்துவிட முடியாது. நேரம் மட்டும் பிரச்சினையில்லை. இந்தப் பேராலயம் தன் அளவை மறைத்துவைத்திருக்கிறது. எதை எந்த வரிசையில், எதன் பக்கத்தில் நின்று பார்ப்பது என்று தெரியாமல் போனால் "ரொம்பப் பெரிசு" என்பதற்கு மேல் மனதில் எதுவும் ஒட்டாது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல்முறை தனியாக, ஒன்றும் விசாரிக்காமல், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. இரண்டாம் முறை எழுபதை நெருங்கும் அம்மாவோடு. எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். நட்டாலத்தில் பிறந்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு, 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தது இந்தப் பேராலயத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்தில்தான். அம்மா அதை வீட்டில் டிவியில் பார்த்தார். "அந்த இடத்துல ஒரு தடவ நிக்கணும்" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர், கூட்டிக்கொண்டு போகும்வரை விடவில்லை. முதல்முறை தவறவிட்டதையும் இரண்டாம்முறை நிதானமாகப் பார்த்ததையும் சேர்த்து, போக வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

கிளம்பும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய குழப்பங்கள்

வத்திக்கான் அருங்காட்சியகம் வேறு, பேராலயம் வேறு. சிஸ்டைன் சிற்றாலயம் இருப்பது அருங்காட்சியகத்தில். அதற்குக் கட்டணம் உண்டு, வாசலும் வேறு பக்கம். மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பேராலயத்துக்குள் நுழைய ஒரு காசும் வேண்டாம். மெட்ரோ நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு "டிக்கெட் இருக்கா, வரிசை நாலு மணி நேரம்" என்று மறிப்பவர்கள் விற்பது பெரும்பாலும் அருங்காட்சியகச் சுற்றுலாவை. நிற்காமல் நடந்துவிடுங்கள். பேராலயத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே ஒலி வழிகாட்டியோடு சேர்த்துச் சிறு கட்டணத்தில் நுழைவு நேரத்தை முன்பதிவு செய்யும் வசதி உண்டு. பணம் கட்டுவதானால் அங்கே கட்டுங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் பலர். என்னைக் கேட்டால் வேண்டாம். அருங்காட்சியகத்தில் மூன்று மணி நேரம் நடந்த காலோடு பேராலயத்துக்குள் வந்தால் உட்கார இடம்தான் கண் தேடும்.

விசா விஷயம் எளிது. வத்திக்கான் தனி நாடு என்றாலும் எல்லையில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. சதுக்கத்தின் வாய்ப்பகுதியில் தரையில் ஓடும் கோடுதான் எல்லை. இத்தாலிக்கு எடுத்த ஷெங்கன் விசா போதும்.

இன்னொன்று. இதுதான் போப்பின் ஆலயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரோம் ஆயராக அவருடைய தலைமைப் பேராலயம் ஊரின் மறுபக்கத்தில் இருக்கும் புனித யோவான் லாத்தரன். பேதுருவுடையது ரோமில் உள்ள நான்கு பெரிய பசிலிக்காக்களில் ஒன்று. நம் வேளாங்கண்ணி 1962இல் பசிலிக்கா ஆனது. அது சிறு பசிலிக்கா என்ற வரிசையில் வரும்.

நாளும் நேரமும்

புதன்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள். போப் ரோமில் இருந்தால் அன்று காலை சதுக்கத்தில் பொதுச் சந்திப்பு நடக்கும், அது முடிந்து கூட்டம் கலையும்வரை பேராலயம் திறக்காது. இது தெரியாமல் போய், மதியம்வரை வெளியே காத்திருந்து, அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் என் முதல் பயணம். போப்பைப் பார்ப்பதே உங்கள் ஆசை என்றால் நேர்மாறு: புதன்கிழமைதான் வரவேண்டும். அதற்கான சீட்டு இலவசம். முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். முந்தைய நாள் சதுக்கத்தின் வலப்பக்க வெண்கலக் கதவருகே நிற்கும் சுவிஸ் காவலர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஞாயிறு நண்பகல் 12 மணிக்கு மேல்மாடி ஜன்னலில் போப் தோன்றி மூவேளைச் செபம் சொல்வார், அதற்குச் சீட்டே வேண்டாம். ஆனால் ஞாயிறு கூட்டம் அதிகம்.

பெரிய திருநாள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 29 பேதுரு பவுல் திருநாள், கிறிஸ்துமஸ், புனித வாரம். திருப்பலியில் கலந்துகொள்ள இவை நல்ல நாள்கள். சுற்றிப் பார்க்க ஏற்றவை அல்ல.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். ஆறரைக்குச் சதுக்கத்தில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் வரிசை தூண்வரிசையைச் சுற்றி வளைந்துவிடும். அப்போது வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றாலும் ஆச்சரியமில்லை. ஏழு மணிக்கு நானும் அம்மாவும் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டோம். பக்கப் பீடங்களில் ஒன்றிரண்டு குருக்கள் திருப்பலி ஒப்புக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மணிச்சத்தம் எங்கிருந்தோ லேசாகக் கேட்டது. அந்த நேரத்தில் அது சுற்றுலாத் தலமாகத் தெரியவில்லை, கோயிலாகத்தான் இருந்தது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பேராலயத்தின் முகப்பு கிழக்குப் பார்த்தது, பீடம் இருப்பது மேற்கே. அதனால் காலையில் முகப்பு பளிச்சென்று இருக்கும், படம் எடுக்க அதுதான் வேளை. மாலையில் சூரியன் பின்னால் போனதும், கடைக்கோடியில் புறா உருவம் உள்ள மஞ்சள் ஜன்னல் தீப்பிடித்ததுபோல ஒளிரும். ரோமில் இரண்டு மூன்று நாள் தங்குகிறீர்கள் என்றால் ஒரு காலை முழுதாக இருந்துவிட்டு, இன்னொரு நாள் மாலை ஒரு அரைமணி நேரம் வந்து அதை மட்டும் பாருங்கள்.

உடையும் பையும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண் பெண் எல்லாருக்கும். அரைக்கால் சட்டையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆண்கள் உள்ளே தொப்பியைக் கழற்ற வேண்டும். அம்மா சேலையில் வந்தார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குவிமாடம் ஏறப் போகிறவர்களுக்குச் சேலை சரிப்படாது. படி அவ்வளவு குறுகல். சுடிதாரும் ஒரு துப்பட்டாவும் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். காலணி மெத்தென்று இருக்கட்டும். சதுக்கத்தின் தரை முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கல் பதித்தது, அரை நாளில் பாதம் வலிக்க ஆரம்பித்துவிடும். அந்தக் கற்களுக்கே பேதுருவின் பேரை வைத்து 'சம்பியெத்ரீனி' என்கிறார்கள். பேராலயத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கும் வேலைக்காரர்களுக்கும் அதே பேர்தான்.

விமான நிலையத்தில் இருப்பதுபோலச் சோதனை உண்டு. கத்தி, கண்ணாடிப் பாட்டில், கேமரா முக்காலி வேண்டாம். பெரிய பையை வைப்பறையில் கொடுக்க வேண்டும், அது இலவசம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். சதுக்கத்தின் ஓரக் குழாயில் நல்ல குடிதண்ணீர் வருகிறது.

போய்ச் சேர

மெட்ரோ ஏ தடத்தில் ஒத்தவியானோ நிலையத்தில் இறங்கி நேராகப் பத்து நிமிடம் நடந்தால் சதுக்கம். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து 64, 40 எண் பேருந்துகளும் உண்டு. 64இல் பிக்பாக்கெட் தொல்லை பேர்போனது, பர்ஸை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இடம்கொடுத்தால் நான் சொல்வது வேறு வழி. தைபர் ஆற்றின் சந்த் ஆஞ்செலோ பாலத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து வாருங்கள். தூரத்தில் குவிமாடம் முழுதாகத் தெரியும். நெருங்க நெருங்க அது முகப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே போகும். வாசலுக்கு வரும்போது குவிமாடத்தின் பெரும்பகுதி மறைந்திருக்கும். மைக்கேலாஞ்சலோ போட்ட திட்டத்தில் நான்கு பக்கமும் சம நீளம், குவிமாடம்தான் நடுநாயகம். அவருக்குப் பின்னால் வந்த கார்லோ மதெர்னோ முன்பக்கம் நீண்ட மண்டபத்தையும் அகன்ற முகப்பையும் சேர்த்தார். கூட்டம் கொள்ளும் இடம் கிடைத்தது, குவிமாடம் கண்ணிலிருந்து போனது. நடந்து வருகிறவர்களுக்கு இது தானாகவே புரிந்துவிடும்.

சதுக்கத்தில் அரைமணி

முழுவதும் விடிந்துவிட்டதா? நேரே வரிசைக்கு ஓடாதீர்கள். வரிசை நீளமாக இருந்தால் மட்டும் போய் நில்லுங்கள், சதுக்கத்தை வெளியே வந்து பார்க்கலாம்.

நடுவில் நிற்கும் கல்தூண் எகிப்திலிருந்து பேரரசன் கலிகுலா காலத்தில் வந்தது. ஒரே கல், 25 மீட்டருக்கும் மேல் உயரம். எகிப்தியச் சித்திர எழுத்து ஒன்றுகூட இல்லாத கல். நீரோவின் பந்தயத்திடலில் இது நின்றது. பேதுருவைத் தலைகீழாகச் சிலுவையில் அறைந்தது அந்தத் திடலில்தான் என்பது மரபு. 1586இல் தொமெனிக்கோ ஃபொந்தானா என்ற பொறியாளர் சுமார் 900 ஆட்களையும் பல டஜன் குதிரைகளையும் வைத்து, கயிறு கட்டி இழுத்து இங்கே நிறுத்தினார். பேதுருவின் சாவைப் பார்த்த ஒரே சாட்சி இதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். கிட்டப் போய்க் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

சுற்றிக் கை விரித்ததுபோல இருக்கும் தூண்வரிசை சிற்பி பெர்னினியின் வேலை, 1656இல் தொடங்கியது. 284 தூண்கள், நான்கு நான்காக. மேலே 140 புனிதர்களின் சுரூபங்கள். கல்தூணுக்கும் நீரூற்றுக்கும் இடையில் தரையில் ஒரு வட்டக்கல் பதித்திருக்கும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதன்மேல் நின்று தூண்களைப் பாருங்கள். நான்கு வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து ஒற்றை வரிசையாகிவிடும். ஒரு அடி தள்ளி வைத்தால் மறுபடி காடுபோல விரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விடவே கூடாது.

முகப்பின் உச்சியில் 13 சிலைகள்: இயேசு, திருமுழுக்கு யோவான், பதினொரு சீடர்கள். பேதுரு அங்கே இல்லை. அவரைக் கீழே, படியோரம் தனியாகச் சாவியோடு நிறுத்தியிருக்கிறார்கள். நடு மாடத்தில் தெரியும் பால்கனியில்தான் புதிய போப்பை அறிவிப்பார்கள். 2025 மே 8 அன்று பதினான்காம் லியோ வந்து நின்றதும் அங்கேதான்.

உள்ளே: அளவைப் பிடிக்கும் வழி

முகமண்டபத்தில் ஐந்து கதவுகள். வலக்கோடியில் இருப்பது புனிதக் கதவு. வழக்கமாக 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டில்தான் திறக்கும், மற்ற நாளில் உட்பக்கம் சுவர் வைத்து அடைத்திருப்பார்கள். நடு வெண்கலக் கதவு பழைய பேராலயத்திலிருந்து தப்பி வந்தது, பதினைந்தாம் நூற்றாண்டுடையது. பழைய பேராலயம் என்றால் நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கட்டியது; அதை இடித்துத்தான் போப் இரண்டாம் ஜூலியஸ் இதைத் தொடங்கினார்.

நுழைந்ததும் எல்லாரும் வலப்பக்கம் பியெத்தாவைப் பார்க்க விரைவார்கள். நீங்கள் அப்படியே நடுவில் நில்லுங்கள். காலடியில், நடுக்கதவுக்கு நேரே, கருஞ்சிவப்பு நிறத்தில் பெரிய வட்டக்கல் ஒன்று கிடக்கும். கி.பி. 800 கிறிஸ்துமஸ் அன்று சார்லமேன் பேரரசனாக முடிசூடியபோது இந்தக் கல்லின்மேல் முழந்தாளிட்டார் என்பது மரபு. பழைய பேராலயத்திலிருந்து எடுத்து இங்கே பதித்திருக்கிறார்கள். நூறு பேர் அதை மிதித்துக்கொண்டு போவார்கள், ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

சரி, இப்போது அளவு. உள்நீளம் சுமார் 187 மீட்டர். ஆனால் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாக்கப்பட்டிருப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. முன்னால் இருக்கும் தூண்களின் அடியில் தீர்த்தத் தொட்டியைத் தாங்கிக்கொண்டு இரண்டிரண்டு குழந்தை வானதூதர்கள் இருப்பார்கள். வாசலிலிருந்து பார்த்தால் கைக்குழந்தைகள்தான். கிட்டே போங்கள். அந்தக் "குழந்தை" ஆளைவிட உயரம். அம்மா பக்கத்தில் போய் நின்றபோது அவர் தலை அதன் மார்புக்குத்தான் வந்தது. ஐந்தடிக்காரரான அம்மாவின் உள்ளங்கையை அதன் பாதத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். பாதி பாதத்தைக்கூட மூடவில்லை. அங்கேயே திரும்பி மண்டபத்தைப் பாருங்கள், அதுவரை சாதாரணமாகத் தெரிந்த தூண்களும் சிலைகளும் ஒரே நொடியில் வளர்ந்துவிடும். ஆகவே எதைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கும்வரை காத்திருந்து பாருங்கள்.

நடுத்தரையில் பீடத்தை நோக்கி நடக்கும்போது வெண்கல எழுத்துகள் பதித்திருக்கும். உலகின் மற்றப் பெரிய ஆலயங்களைக் கொண்டுவந்து இதற்குள் வைத்தால் எதுவரை வரும் என்று குறித்திருக்கிறார்கள். லண்டன் பவுல் ஆலயம்கூட இதற்குள் அடக்கம்.

பியெத்தா

இப்போது வலப்பக்க முதல் சிற்றாலயத்துக்கு வாருங்கள். இறந்த இயேசுவை மாதா மடியில் கிடத்தியிருக்கும் பளிங்குச் சிலைதான் பியெத்தா. 1498-99இல் மைக்கேலாஞ்சலோ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் செய்தது. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்து மாதாவின் மூக்கையும் கையையும் உடைத்தான். ஒட்டிச் சரிசெய்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கொஞ்சம் தூரம் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கும். படம் எடுப்பவர்கள் முன்னால் முட்டிக்கொண்டு நிற்பார்கள், ஐந்து நிமிடம் ஓரத்தில் நின்றால் இடம் கிடைக்கும்.

இரண்டு இடத்தைப் பாருங்கள். மாதாவின் மார்பைக் குறுக்கே தாண்டும் பட்டையில் எழுத்து வெட்டியிருக்கும். அது மைக்கேலாஞ்சலோவின் பெயர். அவர் கையெழுத்திட்ட ஒரே சிற்பம் இதுதான். அடுத்து, மாதாவின் மடி. முப்பத்துமூன்று வயது மகனின் உடலை ஒரு பெண் மடியில் கிடத்தினால் பொருந்தாது, வெளியே தொங்கும். துணி மடிப்புகளை அகல விரித்து மடியைப் பெரிதாக்கி, அந்த விகிதக் குறையே தெரியாமல் செய்திருக்கிறார். மாதா எழுந்து நின்றால் மகனைவிட ரொம்ப உயரம். அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படி வச்சிருந்தாளோ அப்படியேல்லா வச்சிருக்கா" என்றார். அதற்கப்புறம் நான் விளக்கம் சொல்லவில்லை.

அடுத்த சிற்றாலயத்தில் இரண்டாம் யோவான் பவுலின் கல்லறை. பக்கத்தில் நற்கருணைச் சிற்றாலயம்; திரைக்குப் பின்னால் செபம் செய்ய மட்டும்தான் அனுமதி, படம் எடுக்கக் கூடாது. கால் வலித்தால் அங்கே போய் உட்காருங்கள். மொத்தப் பேராலயத்திலும் அமைதியான இடம் அதுதான்.

குவிமாடத்தின் கீழே

வலப்பக்கத் தூணருகே அரியணையில் அமர்ந்த பேதுருவின் வெண்கலச் சுரூபம். பதின்மூன்றாம் நூற்றாண்டுடையது, அர்னோல்ஃபோ தி காம்பியோ செய்தது என்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் திருப்பயணிகள் தொட்டுத் தொட்டு வலது பாதத்தில் விரல்கள் கரைந்து, வழுவழுவென்று ஒரே கட்டியாகிவிட்டது. இடது பாதத்தில் விரல்கள் இன்னும் இருக்கின்றன, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுவில் நிற்கும் முறுக்குத் தூண் மண்டபம் பெர்னினியின் பால்தக்கினோ. 1624இல் தொடங்கி 1633இல் முடித்தார். உயரம் சுமார் 29 மீட்டர், ஒன்பது மாடிக் கட்டடம். அதற்கு நேர் கீழேதான் பேதுருவின் கல்லறை. தூண்களில் ஆங்காங்கே தேனீக்கள் ஊர்வதைப் பார்க்கலாம். அப்போதைய போப் எட்டாம் அர்பனின் குடும்பச் சின்னம் மூன்று தேனீ.

தேனீயை எல்லா வழிகாட்டிகளும் காட்டுவார்கள். தூண்களின் பளிங்கு அடிப்பீடத்தைக் காட்டுபவர்கள் குறைவு. நான்கு பீடத்திலும் வெளிப்பக்கங்களில் இரண்டிரண்டு கேடயம், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு முகம். திருப்பலிப் பீடத்துக்கு முன்னால் இடப்பக்கத் தூணில் தொடங்கி வரிசையாகச் சுற்றி வாருங்கள். ஒரு பெண்ணின் முகம், அமைதியாக இருக்கிறது. அடுத்ததில் புருவம் சுருங்குகிறது. அடுத்ததில் வாய் திறந்து வலியில் அலறுகிறது. கடைசிக் கேடயத்தில் பெண் முகம் இல்லை, சிரிக்கும் ஒரு குழந்தையின் முகம். பிரசவ வலியைப் படிப்படியாகக் கல்லில் காட்டியிருக்கிறார்கள் என்பார்கள். கயிறு கட்டியிருந்தால் சில முகங்கள் தூரத்திலிருந்துதான் தெரியும், சின்னத் தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் இருப்பதுபோலத் தோன்றும். ஏறக்குறைய எல்லாமே மொசைக், சின்னக் கல்லும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்தவை. ஈரத்திலும் மெழுகுவர்த்திப் புகையிலும் ஓவியங்கள் கெட்டுப்போனதால் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ரஃபேலின் 'உருமாற்றம்' ஓவியம் இங்கே மொசைக்காக இருக்கிறது, அசல் அருங்காட்சியகத்தில்.

இடப்பக்கம் போப் ஏழாம் அலெக்சாண்டரின் கல்லறையையும் பார்த்துவிடுங்கள். சிவப்புப் பளிங்கைத் துணிபோல மடித்துப் போட்டு, அதற்கடியிலிருந்து ஒரு எலும்புக்கூடு மணற்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறது. பெர்னினி முதுமையில் செய்தது. அடியில் இருக்கும் நிஜக் கதவையே மரணத்தின் வாசலாக ஆக்கிவிட்டார்.

திருப்பலி காண ஆசை என்றால் கயிறு கட்டிய இடத்தில் நிற்கும் காவலரிடம் "மெஸ்ஸா" என்று சொன்னால் விடுவார்கள். பாதியில் எழுந்து வருவது மட்டும் கூடாது. ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்கும் குருக்கள் என்னென்ன மொழி பேசுவார்கள் என்று கூண்டில் எழுதியிருக்கும்.

குவிமாடம் ஏற

இதற்கு மட்டும் கட்டணம். படியிலேயே ஏறினால் மொத்தம் 551 படி. கூடுதல் காசு கொடுத்து லிஃப்டில் போனால் கூரைத்தளம்வரை வந்துவிடலாம், அதன்பிறகு 320 படி எல்லாரும் ஏறத்தான் வேண்டும். "லிஃப்ட் இருக்கு" என்று நம்பி முட்டிவலிக்காரர்களைக் கூட்டிப் போய், நடுவில் திணறுபவர்களைப் பார்த்தேன். இதய நோய், மூச்சுத்திணறல், அடைத்த இடத்தில் பயம் இருப்பவர்கள் கூரைத்தளத்தோடு நின்றுகொள்ளுங்கள். அதுவே அருமையான இடம். முகப்பின் 13 சிலைகளையும் பின்பக்கத்திலிருந்து பார்க்கலாம், முதுகுப்பக்கம் அவ்வளவாகச் செதுக்கவில்லை. கழிப்பறை, காப்பிக்கடை எல்லாம் உண்டு. அம்மா அங்கே காப்பி குடித்துக்கொண்டு செபமாலை சொன்னார், நான் மட்டும் ஏறினேன்.

ஏறும் வழியில் முதலில் குவிமாடத்தின் உட்சுற்று நடைபாதை வரும். கம்பிவலை வழியாகக் கீழே பார்த்தால் மனிதர்கள் எறும்பு. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது பக்கத்துச் சுவரை. கீழேயிருந்து மென்மையாகத் தெரிந்த வானதூதரின் கன்னம், இங்கே விரல்நக அளவு கற்கள் இடைவெளிவிட்டு ஒட்டிய கரடுமுரடான பரப்பு. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகச் சேரும் என்று தெரிந்து ஒட்டியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி. குவிமாடத்தின் இரண்டு ஓடுகளுக்கு நடுவே படி போகிறது. சுவர் சாய்ந்துகொண்டே வரும், உடம்பையும் சாய்த்து நடக்க வேண்டும். கடைசியில் ஒரு சுருள்படி, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை, மேலேயிருந்து தொங்கும் கயிறுதான். ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி ஒன்று என்பதால் நடுவில் திரும்ப முடியாது. உச்சியில் காற்று அடிக்கும். கீழே சதுக்கம் சாவித்துளை வடிவில் தெரியும், அதற்கப்பால் ஆறு, மறுபக்கம் வத்திக்கான் தோட்டம். மைக்கேலாஞ்சலோ எழுபதைத் தாண்டிய வயதில் இந்த வேலையை ஏற்று, குவிமாடம் முடியும் முன்பே இறந்தார். 1590இல் ஜாக்கொமோ தெல்லா போர்த்தா முடித்துவைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் விரிசல் கண்டபோது சுற்றி இரும்பு வளையங்கள் போட்டு இறுக்கினார்கள்.

இறங்கும் வழி வழக்கமாகப் பேராலயத்துக்குள்ளேயே கொண்டுவந்து விடும். அதனால்தான் முதலில் உள்ளே, பிறகு குவிமாடம் என்கிறேன். மேலேயிருந்து பார்த்துவிட்டு வந்தபின் அதே மண்டபம் வேறாகத் தெரியும்.

கீழே, கல்லறைகளுக்கு

பால்தக்கினோவைச் சுற்றியுள்ள பெரிய தூண்களில் ஒன்றின் அடியில் இறங்கும் படி இருக்கும். போப்புகளின் கல்லறைகள், இலவசம். பதினாறாம் பெனடிக்ட் இங்கேதான் இருக்கிறார். பிரான்சிஸைத் தேடாதீர்கள், அவர் விருப்பப்படி 2025இல் ஊருக்குள் இருக்கும் புனித மரியா மஜோரே பசிலிக்காவில் அடக்கம் செய்தார்கள். தேவசகாயத்துக்குப் பட்டம் கொடுத்தவர் என்பதால் அம்மா மறுநாள் அங்கேயும் போகச் சொன்னார், போனோம். கல்லறைப் பாதை பேராலயத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும். எனவே இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. கான்ஸ்டன்டைன் மண்ணைப் போட்டு மூடிய பழைய ரோமானியச் சுடுகாடு, தெருத்தெருவாகக் கல்லறை வீடுகள். பேதுரு கல்லறைக்கு நேர் மேலேயே பீடம் அமையவேண்டும் என்று, சமதளத்தை விட்டு இந்தச் சரிவில் மண் நிரப்பிக் கட்டினார் அவர். இருபதாம் நூற்றாண்டில் போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில்தான் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஸ்காவி என்பார்கள். அகழாய்வு அலுவலகத்துக்குச் சில மாதம் முன்னதாகவே எழுதி இடம் பிடிக்க வேண்டும். சிறு சிறு குழுவாக, வழிகாட்டியோடு, ஒன்றரை மணி நேரம். இடம் கிடைத்தால் வேறெதையாவது விட்டுவிட்டாவது போங்கள். உள்ளே புழுக்கமாக இருக்கும், பாதை குறுகல்.

வெளியே வந்தபின்

மணி பன்னிரண்டு ஆகியிருக்கும், பசிக்கும். சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் விலை அதிகம். போர்கோ பியோ தெருவுக்கோ, மெட்ரோ பக்கமோ நடந்து போனால், தட்டில் வெட்டி எடைபோட்டு விற்கும் பீட்சா கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதில் உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் போட்டதெல்லாம் உண்டு.

சதுக்கத்தில் வத்திக்கான் தபால் நிலையம் இருக்கிறது. இங்கே வாங்கும் தபால்தலையை வத்திக்கான் பெட்டியில்தான் போட வேண்டும், ரோம் நகரப் பெட்டியில் போட்டால் போகாது. அம்மா கோட்டாறில் இருக்கும் சித்திக்கு ஒரு அட்டை எழுதினார். எழுதிவிட்டு, கல்தூணுக்கு முன்னால் போய், "இங்கனதான நாற்காலி போட்டிருந்தாவ?" என்று கேட்டார். டிவியில் பார்த்த அந்தக் காலை முழுவதும் அவருக்கு நினைவிருந்தது. பட்டம் பெற்ற பத்துப் பேரின் படங்கள் முகப்பில் தொங்கியது, நம்முடையது எது என்று தேடிக் கண்டுபிடித்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கருங்கல்லின்மேல் சற்று நேரம் நின்றார்.